சுத்திகரிப்பு ஆலையில் வெல்டிங்: தங்கவயல் இளைஞர் அறிய வேண்டியது

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. அதன் பின் மாரிகுப்பம், சாம்பியன் ரீப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பல வெளியூர் வேலையை நம்பி வாழ்கின்றன. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வருவோர் ஏராளம். கைத்தொழில் தெரிந்தவருக்கு எங்கு போனாலும் பிழைப்பு உண்டு. வெல்டிங் அப்படிப்பட்ட தொழில். புல்டோசர் செய்யும் பெமல் ஆலை இங்கே இருப்பதால் அது இவ்வூருக்குப் புதிதும் அல்ல.

ஆனால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை தேடும் வெல்டர், இரண்டு இரும்பைப் பிடித்து ஒட்டினால் போதும் என்று இருக்க முடியாது.

17 உயிர்கள்

1984 சூலை 23-ந் தேதி அமெரிக்காவில் சிகாகோ அருகே ரோமியோவில் என்ற ஊரில் ஒரு சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. 17 பேர் மாண்டனர். வாயுவைச் சுத்தம் செய்யும் கோபுரம் ஒன்றில், பத்தாண்டுக்கு முன் புது எஃகு வளையம் வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். அந்த இணைப்பின் ஓரத்தில் எஃகு அளவுக்கு மீறிக் கடினமாகி இருந்தது. அங்கு தோன்றிய விரிசல் நாளடைவில் வளர்ந்து கோபுரத்தையே பிளந்தது என்று விசாரணையில் தெரிந்தது.

கடினமான எஃகுதானே உறுதி என்று தோன்றும். இங்கே நேர்மாறு. கச்சா எண்ணெயில் உள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. அது ஈரத்தோடு சேர்ந்து எஃகை அரிக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் நுழைகின்றன. மிருதுவான எஃகு அதைத் தாங்கும். கடினமான எஃகு விரிசல் விடும். தங்கவயல் தொழிலாளர் 'ஏர் பிளாஸ்ட்' என்று அஞ்சிய பாறை வெடிப்பைப் போல, உள்ளே சேர்ந்த ஆபத்து வெளியே தெரியாது.

இரண்டு எஃகு சேரும் இடம்

ரோமியோவிலில் சேர்ந்தவை ஒரே இன எஃகு. இருவேறு எஃகைச் சேர்க்கும்போது கவனம் இன்னும் கூட வேண்டும். ஆலை முழுவதையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கட்டினால் செலவு தாளாது. அரிப்பு மிகுந்த பகுதிக்கு மட்டும் அதை வைத்து, மற்றதற்கு சாதாரண கார்பன் எஃகைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் சந்திக்கும் இணைப்பில்தான் சிக்கல்.

உருகும்போது இரண்டும் கலக்கின்றன. சாதாரண ராடு போட்டால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் குரோமியம் அதில் கலந்து கெட்டியான, நொறுங்கும் பட்டை உண்டாகும். வழக்கமான 308 எல் ராடும் கார்பன் எஃகு கலந்து நீர்த்துப்போகும். அதனால்தான் 309 எல் ராடு. அதில் குரோமியம் சுமார் 23 சதவீதம், நிக்கல் சுமார் 13 சதவீதம். கொஞ்சம் நீர்த்தாலும் குணம் கெடாது.

சூடு இன்னொரு சங்கடம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கார்பன் எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். ஆகவே சுமார் 315 டிகிரி செல்சியசுக்கு மேல் இயங்கும் இடங்களில் நிக்கல் கலவை ராடு போடுவது வழக்கம்.

அளவுகோல்

சுத்திகரிப்பு ஆலைகளுக்கென்றே எம்.ஆர். 0103 என்ற தரவிதி 2003-ல் வெளிவந்தது. இத்தகைய பணியில் கார்பன் எஃகு வெல்டிங்கின் கடினம் 200 பிரினெலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பது அங்கே செல்லாது. கருவி வைத்து அளந்து பார்ப்பார்கள்.

இந்த வேலைக்குப் போக விரும்புகிறவர் குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்தி வைக்கும் '6ஜி' சோதனைக்குப் பழகிக்கொள்வது நல்லது. திருச்சி பெல் ஆலையில் 1975-ல் ஏற்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பெயர் பெற்றது. கைப்பழக்கத்தோடு இன்னொரு பழக்கமும் வேண்டும். எந்த எஃகு, எந்த ராடு, எவ்வளவு சூடு என்பதை எழுத்தில் உள்ள முறைப்படி சரிபார்த்த பிறகே தீப்பொறியை எழுப்ப வேண்டும். ராடு மாறியிருந்தால், மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் வேலையை நிறுத்திக் கேட்பவரே நல்ல வெல்டர்.