நாள் முழுவதும் நின்றால் மனமும் களைக்கும்! வேலை அலுப்பில் இருந்து மீள வழி என்ன?

காலையில் கண் விழித்ததும், "ஐயோ, இன்றைக்கும் கடைக்குப் போக வேண்டுமே!" என்று தோன்றுகிறதா? இரவு தூங்கி எழுந்தும் களைப்பு போகவில்லையா? சின்ன விஷயத்துக்கும் குழந்தையிடம் எரிந்து விழுகிறீர்களா?

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக் கொள்ளாதீர்கள். இது வேலை அலுப்பு. இதற்குக் காரணம் உண்டு. மீள வழியும் உண்டு.

சீசன் கூட்டம்

ஊட்டியை ஒட்டி இருக்கிறது பெர்ன்ஹில். மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனை அங்கேதான் இருக்கிறது. குளிர்ந்த காற்று, உயர்ந்த மரங்கள், மூடுபனி! வெளியூர்க்காரர்கள் பார்த்தால், "இங்கே வாழ்கிறவர்களுக்கு என்ன குறை?" என்றுதான் கேட்பார்கள்.

அங்கே இருந்து ஊட்டிக் கடைவீதிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்கள் சீசன் காலம். மலர்க் கண்காட்சி பார்க்க மக்கள் வந்து குவிவார்கள். ஊரே திருவிழா போல இருக்கும்.

ஆனால் கடையில் நிற்பவளுக்கு? ஸ்வெட்டரை விரித்துக் காட்ட வேண்டும். மடித்து வைக்க வேண்டும். அடுத்தவர் கேட்டால் மறுபடியும் விரிக்க வேண்டும். வர்க்கிப் பொட்டலம் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் நின்றுகொண்டே செய்ய வேண்டும்.

ஆள் இல்லாத நேரத்தில் சற்று உட்காரலாம் என்றால், உட்கார ஒன்றும் இருக்காது. இருந்தாலும் முதலாளியின் கண் அவள் மேலேயே இருக்கும். "உடம்பு முடியவில்லை ஐயா" என்றால், "முடியாவிட்டால் நின்று கொள். வேறு ஆள் இருக்கிறது" என்று பதில் வரும்.

வேலை ஒரு பங்கு களைப்பைத் தருகிறது. அந்தப் பதில் இன்னொரு பங்கு களைப்பைத் தருகிறது!

இது என்ன நோய்?

1974-ம் ஆண்டில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க மனநல நிபுணர் இந்த அலுப்பைப் பற்றி எழுதினார். நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையத்தில் பணி செய்தவர்களிடம் அவர் இதைக் கண்டார். எண்ணெய் தீர்ந்த விளக்கு போல அவர்கள் வற்றிப் போயிருந்தார்கள்.

2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. ஒன்று, சக்தி எல்லாம் வடிந்து விட்டது போன்ற களைப்பு. இரண்டு, வேலை மேல் வெறுப்பு. மூன்று, "என்னால் எதுவும் சரியாகச் செய்ய முடியவில்லை" என்ற எண்ணம்.

இது நோய் அல்ல என்றும் அந்த நிறுவனம் சொன்னது. வேலை செய்யும் இடத்தில் ஓயாமல் வரும் நெருக்கடியால் உண்டாவது இது. ஆகவே, வேலை செய்பவர் மனதைத் தேற்றிக் கொண்டால் மட்டும் போதாது. வேலை இடமும் மாற வேண்டும்.

காலில் தொடங்கும் துன்பம்

மணிக்கணக்கில் நின்றால் பாதம் வீங்கும். காலில் ரத்தக் குழாய்கள் புடைத்துக் கொள்ளும். இடுப்பும் முதுகும் வலிக்கும். கழிப்பிடம் இல்லாத கடை என்றால் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அதனால் சிறுநீர்த் தொல்லை வரும்.

சென்னை ரங்கநாதன் தெருவில் வேலை செய்யும் கடைச் சிப்பந்திகளின் வாழ்க்கையை, 2010-ல் வெளிவந்த "அங்காடித் தெரு" படத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். இயக்கியவர் வசந்தபாலன். படம் பார்த்து வந்தவர்கள், கடையில் துணி எடுத்துப் போடும் பிள்ளைகளின் காலையும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

தையல்காரப் பெண் செய்த காரியம்

ஊட்டியில் இருந்து கூடலூர் வழியாக மலை இறங்கினால் கேரளம். அங்கே கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்ற பெரிய கடைவீதி இருக்கிறது. அந்தத் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. உட்காரவும் அனுமதி இல்லை.

விஜி என்ற தையல் தொழிலாளி அந்தப் பெண்களை ஒன்று சேர்த்தார். "பெண்கூட்டு" என்று சங்கத்துக்குப் பெயர். முதலில் கழிப்பிடம் கேட்டார்கள். பிறகு, உட்காரும் உரிமை கேட்டார்கள். "உட்காரக் கூட ஒரு போராட்டமா?" என்று சிரித்தவர்கள் உண்டு. பெண்கள் விடவில்லை. 2014-ல் போராட்டம் வலுத்தது. திருச்சூர் ஜவுளிக்கடைப் பெண்களும் போராட்டத்தில் இறங்கினார்கள்.

2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. வேலை செய்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது! அதே ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இடம்பெற்றது.

தமிழ்நாட்டிலும் சட்டம்

அடுத்து தமிழ்நாடு. 2021 செப்டம்பர் 6-ந் தேதி சட்டசபையில் இதற்கான மசோதா கொண்டு வரப்பட்டது. அது நிறைவேறிச் சட்டம் ஆனது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும் போது அவர்கள் உட்காரலாம். சட்டம் சொல்வது இதுதான்.

ஓய்வு என்பதும் புதிய சலுகை அல்ல. 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டமே, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. 4 மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றும் எழுதி வைத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கடைக்குள் அதைக் கொண்டு வருவது எப்படி?

1. நோட்டில் எழுதுங்கள்: கடைக்கு வந்த நேரம், போன நேரம், சாப்பிட்ட நேரம் மூன்றையும் தினமும் குறித்து வையுங்கள். "ரொம்ப வேலை" என்று சொல்வதை விட, "இந்த வாரம் இத்தனை மணி" என்று சொல்வதற்குப் பலம் அதிகம்.

2. தனியாகக் கேட்காதீர்கள்: ஒருவர் கேட்டால் "இவள் வம்புக்காரி" என்பார்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள். கூட்ட நேரத்தில் கேட்க வேண்டாம். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் பணிவாகக் கேளுங்கள். முதலில் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். "நாலு ஸ்டூல் போடுங்கள் ஐயா" என்றால் போதும்.

3. மறுத்தால் என்ன செய்வது? தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் நோட்டைக் காட்டுங்கள். உங்கள் கடைக்குப் பொருந்தும் விதி என்ன என்று கேளுங்கள். எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள்.

4. கோபத்தில் வேலையை விடாதீர்கள்: விடுவது என்று முடிவு செய்தால், முதலில் வேறு வேலை பாருங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் கணக்கை முடியுங்கள். வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

5. உடம்பை மறக்காதீர்கள்: தண்ணீர் குடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைச் சற்று உயரத் தூக்கி வைத்துப் படுங்கள். வீக்கம் தொடர்ந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, வாழவே பிடிக்கவில்லை என்றால் தாமதம் வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

முதலாளிமார்களே! கால் கடுக்க நிற்பவர் சிரித்த முகத்துடன் பேச முடியுமா? களைத்தவர் பில்லில் தப்புச் செய்வார். நல்ல சிப்பந்தி விலகிப் போனால், புது ஆளுக்கு முதலில் இருந்து வேலை கற்றுத் தர வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நாலு ஸ்டூலின் விலை ஒன்றும் பெரிது அல்ல.

வீட்டாருக்கும் உண்டு

கடையில் எட்டு மணி, பத்து மணி நேரம் நின்ற பெண், வீட்டுக்கு வந்து அடுப்படியிலும் நிற்கிறாள். கடையை மாற்றச் சட்டம் வேண்டும். வீட்டை மாற்றச் சட்டம் எதற்கு? கணவர் அரிசி களையலாம். பையன் தண்ணீர் பிடித்து வைக்கலாம். மாமியார் காய் நறுக்கித் தரலாம்.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பெண்ணோ, பிள்ளையோ வேலை முடிந்து வந்ததும், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்காதீர்கள். "முதலில் உட்காரம்மா" என்று சொல்லுங்கள். ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக் கொள்ளலாம்.