ஸ்கேன் மருந்தும் நம்ம ஊர்த் தண்ணீரும்



வயிற்றில் கட்டி, சிறுநீரகத்தில் கோளாறு என்றால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். படம் தெளிவாக விழுவதற்காகக் கையில் ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும்; போட்டுக்கொண்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அது அயோடின் சேர்ந்த மருந்து. பெரியவர் ஒருவருக்கு 100 மில்லி ஏற்றினால் அதில் சுமார் 30 கிராம் அயோடின் இருக்கும். நம் உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 150 மைக்ரோகிராம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 500 வருஷத்துக்கு மேல் வரும்! பயப்பட வேண்டாம், உடம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரே நாளில் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும்.

போய், எங்கே சேருகிறது? அதுதான் விஷயம்.

எருக்குழியில் குப்பையை நுண்ணுயிர்கள் மக்க வைக்கிற மாதிரிதான் கழிவுநீர் நிலையத்திலும் நடக்கிறது. ஆனால் இந்த மருந்து உடம்புக்குள் சிதையாமல் வெளியேற வேண்டும் என்றே செய்தது. ஆகவே நுண்ணுயிர்களுக்கும் அது லேசில் மசியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போடும் காடோலினியம் மருந்தும் இப்படித்தான். 1996இல் ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஆறுகளிலேயே அதைக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

நிறமில்லை, வாடையில்லை. இதில் என்ன இருக்கப்போகிறது என்று தர்மபுரிக்காரர்கள் கேட்க மாட்டார்கள். கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளூரைடும் கண்ணுக்குத் தெரியாததுதானே? பல்லில் கறை விழுந்த பிறகுதான் தெரிந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அந்தக் காவிரியிலும் வலி மருந்து, ரத்த அழுத்த மருந்து எல்லாம் கலந்திருப்பதாக 2021இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ஆற்றில் கலந்துள்ள அளவில் ஸ்கேன் மருந்து உடனே ஆளைக் கொல்கிற விஷம் இல்லை. ஆனால் அயோடின் மருந்துகளில் சில, குடிநீரில் போடும் குளோரினோடு சேர்ந்தால் வேறு வேண்டாத பொருள்களாக மாறுகின்றன. கவலை அதில்தான்.

எக்ஸ்ரே பிலிம் கழுவிய நீரைத் தனியாகச் சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும் என்று 2016ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. நோயாளி வீட்டுக்குப் போய்க் கழிக்கிற சிறுநீருக்கு என்ன செய்வது? ஜெர்மனியில் ரூர் ஆற்றுப் பக்கம் நோயாளிகளிடம் பை கொடுத்து, அதில் பிடித்துக் குப்பையோடு எரிக்கச் செய்து பார்த்தார்கள். நல்ல யோசனைதான், நமக்கு எப்போது வருமோ!

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். ஸ்கேன் எடுத்த அன்றும் மறுநாளும் கிணற்றடி, ஓடைக்கரை, ஏரிக்கரையில் ஒதுங்காமல் கழிப்பறைக்கே போங்கள். டாக்டர் எடுக்கச் சொன்ன ஸ்கேனை மட்டும் இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆஸ்பத்திரிச் சாக்கடை உங்கள் வாய்க்காலில் விழுகிறதா? அந்தத் தண்ணீரைக் கீரைக்குப் பாய்ச்சாதீர்கள். அதில் ஸ்கேன் மருந்தைவிட, மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் முதல் ஆபத்து. எந்த இடத்தில் விழுகிறது என்று குறித்து, நாலு பேர் கையெழுத்துப் போட்டு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மனு கொடுத்த ரசீதை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.