நுரையீரலில் நிழல்: ஊசிப் பரிசோதனை ஏன் தேவைப்படுகிறது?

மார்பு எக்ஸ்ரே அறிக்கையில் ‘நுரையீரலில் நிழல்’ என்று எழுதியிருப்பதைக் கண்டதும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘இது காசநோயா, புற்றுநோயா?’ என்பதாகும். சி.டி. ஸ்கேன் உதவியுடன் ஊசி செலுத்திச் சிறிது திசு எடுக்க வேண்டும் என்று நாங்கள் கூறியதும் எழும் அடுத்த கேள்வி, ‘ஊசி பட்டால் கட்டி பரவிவிடாதா?’ என்பது. இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிழல் என்பது நோயின் பெயர் அன்று

எக்ஸ்ரே கதிர்கள் காற்று நிறைந்த நுரையீரலை எளிதில் கடந்து செல்கின்றன. ஆகவே அப்பகுதி படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. சளி, சீழ், தழும்பு, கட்டி ஆகியவற்றுள் எது காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் அவ்விடத்தில் கதிர்கள் தடுக்கப்பட்டு வெண்மை படர்கிறது. அதையே நிழல் என்கிறோம். அவ்விடத்தில் காற்று இல்லை என்பதைப் படம் உறுதியாகச் சொல்லும். அங்கு இருப்பது எது என்பதை எப்போதும் சொல்லிவிடாது.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மக்களுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. துறைமுகச் சரக்கு, நிலக்கரி, வார்ப்படச் சாலை, கப்பல் பழுதுபார்ப்பு, கொதிகலன் பராமரிப்பு எனப் பல்லாண்டுகள் தூசியிடையே உழைத்தவர்கள் இங்கு ஏராளம். மணல் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். அது முற்றும்போது தோன்றும் பெரிய தழும்புகள் படத்தில் புற்றுநோய்க் கட்டி போலவே காட்சியளிக்கும். சிலிக்கோசிஸ் உள்ளவர்களைக் காசநோயும் எளிதில் பற்றுகிறது. பழைய கொதிகலன்களிலும் கப்பல்களிலும் வெப்பக் காப்புக்காகப் பயன்பட்ட கல்நார் இழைகளைச் சுவாசித்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மிகுதி. அவர்களுக்குப் பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் அது பன்மடங்காகிறது. இவ்வாறு ஒரே நிழலுக்கு மூன்று நான்கு காரணங்கள் இருக்கக்கூடும்.

ஊகத்தின் பேரில் மருந்து தொடங்குவதில் உள்ள இடர் இதுவே. காசநோய்க்கான வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதம். நிழல் உண்மையில் புற்றுநோயாக இருந்தால், அறுவை சிகிச்சையால் அகற்றக்கூடிய நிலையில் இருந்த கட்டி அந்த 6 மாதத்திற்குள் அந்நிலையைக் கடந்துவிடக்கூடும். மாறாக, மருந்தால் முற்றிலும் குணமாகும் காசநோயைப் புற்றுநோய் என்று அஞ்சி மருத்துவமனைக்கு வராமலே இருந்துவிடுவோரும் உண்டு.

முதலில் சளி, பிறகு ஊசி

நிழல் உள்ள அனைவருக்கும் ஊசிப் பரிசோதனை தேவையில்லை. சளிப் பரிசோதனையே முதற்படி. அரசு மருத்துவமனைகளில் இது இலவசமாகச் செய்யப்படுகிறது. சளியில் காசநோய்க் கிருமி தென்பட்டால் பெரும்பாலும் உடனே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். மூச்சுக்குழாயை ஒட்டியுள்ள கட்டி என்றால், உட்குழாய் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி பொருத்தமாக இருக்கும். சில மில்லிமீட்டர் அளவே உள்ள புள்ளிகளைப் பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து மீண்டும் படமெடுத்து ஒப்பிட்டாலே போதும். இவற்றால் விடை கிடைக்காத நிலையிலும், கட்டி நுரையீரலின் வெளிப்புறத்தை ஒட்டி இருக்கும் நிலையிலுமே ஊசிப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறோம்.

ஸ்கேன் எவ்வாறு வழிகாட்டுகிறது?

எக்ஸ்ரே படத்தில் நெஞ்செலும்பு, இதயம், நுரையீரல், முதுகெலும்பு யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிகின்றன. சி.டி. ஸ்கேன், உடலைச் சுற்றிப் பல கோணங்களில் கதிர்களைச் செலுத்தி, கிடைத்த அளவீடுகளைக் கணக்கிட்டு, உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் தனித்தனி ஏடுகளாகத் தருகிறது. லண்டனில் 1971-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இக்கருவியால் படம் எடுக்கப்பட்டது. அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அறிவியலாளர் ஜி.என். இராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் இணைந்து, இத்தகைய அளவீடுகளிலிருந்து படத்தை விரைவாக மீட்டுருவாக்கும் கணித முறை ஒன்றை வெளியிட்டார். பின்னாளில் ஸ்கேன் கருவிகள் பரவலாகக் கையாண்ட முறைக்கு அது அடித்தளமாயிற்று.

இந்த ஏடுகளில் கட்டியின் ஆழம், ஊசி நுழையவேண்டிய கோணம், வழியில் உள்ள இரத்தக் குழாய்கள், விலா எலும்புகள் அனைத்தும் தெளிவாகத் தெரிகின்றன. தோலை மரத்துப்போகச் செய்த பின் ஊசியைச் சிறிது செலுத்தி மீண்டும் படமெடுப்போம். திசை சரி என்று உறுதியான பிறகே மேலும் செலுத்துவோம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் மூச்சை இழுத்து அடக்குவது நோயாளி எங்களுக்குச் செய்யும் பேருதவி. மூச்சின் அளவு மாறினால் கட்டி இடம் மாறிவிடும். ஆகவே அதை முன்கூட்டியே பழக்குகிறோம். எடுத்த திசுவில் ஒரு பகுதி நோய்க்கூற்றியல் ஆய்வுக்கும், மற்றொரு பகுதி காசநோய்க் கிருமிப் பரிசோதனைக்கும் செல்லும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சில வாரங்கள் ஆகும்.

அச்சமும் உண்மையும்

ஊசி சென்ற தடத்தில் புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. நுரையீரல் ஊசிப் பரிசோதனையில் அது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கும் குறைவே. பரிசோதனைக்குப் பின் நோய் முற்றியதாகத் தோன்றுவது, நோய் ஏற்கெனவே முற்றிய நிலையில் கண்டறியப்படுவதால்தான்.

உண்மையில் நாங்கள் கவனத்துடன் எதிர்நோக்கும் சிக்கல் வேறு. ஊசி துளைத்த இடம் வழியாக நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியக்கூடும். 100 பேரில் சுமார் 20 முதல் 25 பேருக்கு இது ஏற்படுகிறது. பெரும்பாலோருக்கு அது தானே வடிந்துவிடும்; 100-இல் ஏறக்குறைய 5 பேருக்குக் காற்றை வெளியேற்றச் சிறு குழாய் வைக்க நேரிடலாம். சிலருக்குச் சளியில் சிறிது இரத்தம் தோன்றி அடங்கும். உயிருக்கு ஆபத்தான விளைவுகள் மிக அரிதாயினும் அறவே இல்லை என்று கூற இயலாது. இதனாலேயே பரிசோதனைக்குப் பின் சில மணி நேரம் படுக்கையில் வைத்துக் கண்காணித்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம்.

கதிர்வீச்சு குறித்தும் கேட்கின்றனர். இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுதோறும் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்ரேயில் பெறுவது சுமார் 0.1, மார்பு சி.டி. ஸ்கேனில் சுமார் 6. தேவையின்றி எடுக்கக் கூடாது. தேவையுள்ளபோது அஞ்சித் தவிர்க்கவும் கூடாது.

வரும்போது கொண்டுவர வேண்டியவை

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எத்தனை ஆண்டு பழையவையாயினும் கொண்டு வாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய படத்திலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால், அது பெரும்பாலும் பழைய தழும்பே. ஊசிப் பரிசோதனையே தேவைப்படாமல் போகலாம். படங்களைப் பரண்மேல் சுருட்டி வைக்காமல் உறையிலிட்டுத் தட்டையாகப் பாதுகாப்பது நன்று.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்வோர் அதை முன்னரே தெரிவிக்க வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே கூறுவார்.

எந்தெந்த இடங்களில் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் எழுதி வாருங்கள். ஓய்வு பெற்று 20 ஆண்டு ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். தூசி விட்டுச் சென்ற அடையாளம் அத்தனை ஆண்டுக்குப் பின்னும் படத்தில் தெரியக்கூடும்.

வீடு திரும்பியபின் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, அதிக இரத்தத்துடன் இருமல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், இரவாயினும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். அறிக்கை வந்ததும் அதை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திராமல், குறித்த நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். உரிய சிகிச்சை அதன்பிறகே தொடங்கும்.