2 கிலோ வாங்கினால் 4 கிலோ தரணும்: விதைநெல் கைமாறும் கணக்கு

திருத்துறைப்பூண்டி:

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006-ல் நெல் திருவிழாவை தொடங்கியவர் நெல் ஜெயராமன். வரும் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசம். ஒரே நிபந்தனை, அடுத்த ஆண்டு 4 கிலோவா திருப்பி தரணும். அது இன்னும் 2 பேருக்கு போகும். இப்படி 174 ரகங்களை மீட்டவர் என்று பெயர் பெற்ற அவர் 2018-ல் மறைந்தார். அதன்பிறகும் விழா நடந்தது.

ஏன் கைமாறணும்?

விதைநெல்லை பூட்டி வைத்தால் ஓரிரு ஆண்டில் முளைப்புத்திறன் குறைந்துவிடும். யாராவது ஒருவர் வயலில் அது விளைந்துகொண்டே இருக்கணும். ஒருவர் வயல் வெள்ளத்தில் போனாலும், பக்கத்து ஊரில் விதை மிச்சம் இருக்கும். உப்பு நிலத்துக்கு குழியடிச்சான், தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு காட்டுயானம் என்று கேட்டு வாங்கலாம்.

என்ன கவனிக்கணும்?

கலவன் கதிரை அறுவடைக்கு முன்பே பிடுங்கணும். களத்தில் வேறு நெல் கலக்கக்கூடாது. நன்றாக காயவைத்து தனியாக வைக்கணும். வீரிய ஒட்டு ரகத்துக்கு இது சரிவராது. மறு விதைப்பில் பயிர் ஒரே மாதிரி வராது.

சட்டம் என்ன சொல்லுது?

விதையை சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க விவசாயிக்கு 2001-ம் ஆண்டு பயிர் ரக பாதுகாப்பு, விவசாயிகள் உரிமை சட்டம் உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தை பிராண்டு பெயர் போட்டு விற்க மட்டும் தடை.