உங்களுக்குத் தெரியுமா? கேரவனை இழுக்கும்போது கொதிப்பது எது?

● டெல்லி முனிர்காவிலிருந்து பிக்கப் வண்டியின் கொக்கியில் கேரவனை மாட்டிக்கொண்டு சிம்லாவுக்குக் கிளம்புகிறவர், பர்வானூவுக்கு மேலே வரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுவார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குச் சோதனை அதற்கு வெகு முன்பே, வெளிவட்டச் சாலையிலேயே தொடங்கிவிடுகிறது. மே மாத மாலையில் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசல் மலையேற்றத்துக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. மலையிலாவது கொஞ்சம் குளிர்காற்று கிடைக்கும். (இங்கே கேரவன் என்பது படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் பஸ் அல்ல. படுக்கையும் அடுப்பும் வைத்து, வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர அறை.)

● ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் மிதி கிடையாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இன்ஜின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயைச் சுழற்றி வீசும்; அந்த எண்ணெய் எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தைத் தள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது ஏற்படும் வழுக்கலில் வீணாகும் சக்தி எண்ணெயில் சூடாக இறங்குகிறது. சமவெளியில் நிதானமான வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டு சக்கரங்களையும் பூட்டிவிடும், சூடும் அடங்கும். பின்னால் ஒரு டன் தொங்கினால் ஏற்றத்திலும் நெரிசலிலும் அந்தப் பூட்டு அடிக்கடி விடுபடும்.

● ஒரு சின்னக் கணக்கு. வண்டி, கேரவன், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 3,500 கிலோ என்று வையுங்கள். டெல்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர் உயரம். சிம்லா சுமார் 2,200 மீட்டர். இவ்வளவு எடையை 2,000 மீட்டர் மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய 69 மெகாஜூல் வேண்டும். மின்கட்டணக் கணக்கில் 19 யூனிட். அதில் பத்தில் ஒரு பங்கு கன்வெர்ட்டரிலும் கியர்பாக்ஸிலும் வீணாகிறது என்றால் 2 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் கியர்பாக்ஸில் உள்ள 10 லிட்டர் எண்ணெய் அந்தச் சூட்டை வெளியே விடாமல் தானே வைத்துக்கொண்டால் 400 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். இன்ஜின் உராய்வு, காற்றுத்தடை, நெரிசலில் நின்று நின்று போவது எதையும் இதில் சேர்க்கவில்லை.

● கியர் எண்ணெய்க்குச் சுகமான சூடு 80 முதல் 95 டிகிரி வரை. 120ஐத் தாண்டி நெடுநேரம் இருந்தால் எண்ணெய் கெட்டு, உள்பாகங்களில் வார்னிஷ் போலப் படியும். இன்னும் ஏறினால் ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் கருகும். டேஷ்போர்டில் ரேடியேட்டர் தண்ணீரின் முள் நடுவிலேயே நிம்மதியாக நிற்கும். அது கியர்பாக்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கேரவன் இழுக்கிறவர் முதலில் வாங்க வேண்டியது கியர் எண்ணெய்க்குத் தனி வெப்பமானி. எண்ணெயை ஆற்றக் கூடுதல் கூலர் தேவையா இல்லையா என்பதையே அது சொல்லிவிடும்.

● டார்க் கன்வெர்ட்டர் காருக்காகப் பிறந்தது அல்ல. கப்பலின் டர்பைன் மிக வேகமாகச் சுற்றும். புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் இணைக்க வழி தேடிய ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது அவர் ஷ்டெட்டின் துறைமுகத்தின் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.

● இதே துறையில் நம் நாட்டுப் பெயரும் ஒன்று உண்டு. ரயில்வே பொறியாளர் மன்மோகன் சூரி டீசல் ரயில் இன்ஜின்களுக்காக உருவாக்கிய ஹைட்ராலிக் அமைப்பு ‘சூரி டிரான்ஸ்மிஷன்’ என்றே அழைக்கப்படுகிறது. 1962ல் அவருக்கு பட்நாகர் விருது கிடைத்தது. பிறகு துர்காபூரில் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார்; ஸ்வராஜ் டிராக்டர் அங்கேதான் உருவானது. டிராக்டரைத் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது நமக்கு.

● ஆட்டோமேட்டிக் எண்ணெய் சிவப்பாக இருப்பது சாயத்தால். வண்டிக்கடியில் சொட்டியிருப்பது இன்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டுமே! சிவப்பு மாறிப் பழுப்பாகி, தீய்ந்த வாசனையும் அடித்தால் அது வெந்துபோன எண்ணெய்.

● 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த எண்ணெயில் திமிங்கில எண்ணெயும் கலந்திருந்தது. கிளட்ச் தட்டுகள் வெடுக்கென்று பிடிக்காமல் பதமாகப் பிடிக்க அதைவிட நல்ல சரக்கு அப்போது கிடைக்கவில்லை. ஸ்பெர்ம் திமிங்கிலத்தைக் காக்கச் சட்டம் வந்த பிறகே ரசாயன நிறுவனங்கள் மாற்று தேடின.

● டெல்லித் தெருக்களில் காய்கறியும் சிலிண்டரும் ஏற்றிப் போகும் பிக்கப்களில் பெரும்பாலானவை மேனுவல் கியர் வண்டிகள். அவற்றுக்கு இந்தக் கூலர் வேண்டவே வேண்டாம். கிளட்சைப் பார்த்துக்கொண்டால் போதும். மேனுவல் கியரையே தானாக மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. வகை வண்டியும் அப்படியே, அதில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. இந்தியாவில் கன்வெர்ட்டரோடு வரும் பிக்கப்கள் சில மட்டுமே: இசுஸு வி-கிராஸ், 2022ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றின் 6 கியர் ஆட்டோமேட்டிக் மாடல்கள் உதாரணம்.

● பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஒரு சின்ன ஆயில் கூலர் ஒளிந்திருக்கும். குளிர்காலத்தில் இது எண்ணெயைச் சூடாக்கவும் செய்யும். வண்டி பழசாகி அந்தக் கூலர் உள்ளே ஓட்டையானால் கூலன்ட்டும் எண்ணெயும் கலந்து ரோஸ் மில்க் நிறத்தில் நுரைக்கும். அந்த நிறத்தைப் பார்த்த பிறகு வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் தண்ணீர் பட்டால் கழன்றுவிடும்.

● கூடுதல் கூலர் பொருத்தும்போது தப்பு நடப்பது பெரும்பாலும் குழாய் வரிசையில். கியர்பாக்ஸிலிருந்து வரும் சூடான எண்ணெய் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குப் போக வேண்டும், அங்கிருந்து புதுக் கூலருக்கு, பிறகுதான் திரும்பக் கியர்பாக்ஸுக்கு. மாற்றி மாட்டினால் புதுக் கூலர் ஆற்றிய எண்ணெயை 90 டிகிரி ரேடியேட்டர் தண்ணீர் மறுபடி சூடாக்கி அனுப்பும். கூலரில் அடுக்குத் தட்டு வகை சிறந்தது. ஒரே குழாயை வளைத்து வளைத்துச் செய்ததைவிடச் சின்ன இடத்தில் அதிகம் ஆற்றும். ஏ.சி. கண்டென்சருக்கு முன்னால், காற்று நேரே படும் இடத்தில் வையுங்கள். மலிவான கிட்களில் ரேடியேட்டரின் ஊடே குத்திச் செருக பிளாஸ்டிக் குச்சிகள் தருவார்கள். நம் சாலைகளின் அதிர்வில் அவை ரேடியேட்டர் துடுப்புகளை அறுத்துவிடும். இரும்புப் பட்டை அடித்துச் சட்டத்தில் மாட்டச் சொல்லுங்கள். குழாயும் கியர் எண்ணெய்க்கென்றே செய்த ஹோஸாக இருக்கட்டும். தண்ணீர் ஹோஸைப் போட்டு ‘ஓடும் சார்’ என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

● கூலரும் குழாயும் கூடுதல் எண்ணெய் குடிக்கும். புது கியர்பாக்ஸ்கள் பலவற்றில் அளவுக் குச்சியே இல்லை. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் அடியிலுள்ள திருகைக் கழற்றி, வழிகிறதா என்று பார்த்து அளவை முடிவு செய்வார்கள். குளிர்ந்த வண்டியில் இதைச் செய்தால் அளவு தப்பும்.

● 1944 மே 29 அன்று டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 47.2 டிகிரி பதிவானது. இப்படிப்பட்ட வெயில் கூலரின் வேலையையும் பாதிக்கும். கூலர் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பது எண்ணெய்க்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. எண்ணெய் 95 டிகிரி, காற்று 25 என்றால் வித்தியாசம் 70. காற்று 45 ஆனால் 50 மட்டுமே. அதே கூலர், அதே வண்டி, வேலை கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்துவிட்டது. வெளிநாட்டு விளம்பரத்தில் ‘இவ்வளவு டன்னுக்குப் போதும்’ என்று போட்டிருந்தால் டெல்லிக்கு ஒரு அளவு பெரியதாக வாங்குவதே சரி.

● நெரிசலில் நெடுநேரம் நின்றால் கியர் லீவரை டி-யில் (டிரைவ்) வைத்துப் பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள். டி-யில் நிற்கும் வண்டியின் கன்வெர்ட்டர் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். என்-னுக்கு (நியூட்ரல்) மாற்றினால் அது ஓயும். பம்ப் மட்டும் கூலர் வழியாக எண்ணெயை ஓட்டும். காசில்லாத வைத்தியம்.

● ஜனவரி விடியற்காலையில் டெல்லியில் 4 டிகிரி இருக்கும்போது கெட்டியான எண்ணெய் கூலருக்குள் எளிதில் நுழையாது. அதற்காகவே தெர்மோஸ்டாட் வால்வு வைத்த கூலர்கள் உண்டு. எண்ணெய் சூடாகும்வரை அவை குறுக்கு வழியில் திருப்பிவிடும். குளிர்காலத்திலும் மலைக்குப் போகிறவர்கள் அதையே கேட்டு வாங்கலாம்.

● கேரளம் 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. அங்கே குறிவைத்தது பெரும்பாலும் இன்ஜினும் அறையும் ஒன்றாக உள்ள வண்டிகளை. இழுத்துப் போகும் கேரவன் சட்டப்படி டிரெய்லர். மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனமே. அதற்கும் தனியாகப் பதிவு வேண்டும். காகித வேலை இன்னொன்றும் உண்டு: புது வண்டியில் கூலர் மாட்டுகிறவர்கள் வாரண்டி என்னவாகும் என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

● உதிரிபாகம் தேட முனிர்காவிலிருந்து வண்டியே எடுக்க வேண்டாம். மெஜந்தா லைனில் ஹவுஸ் காஸ், அங்கே மாறி மஞ்சள் லைனில் காஷ்மீரி கேட். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஆட்டோ பார்ட்ஸ் சந்தை. போகும்முன் கியர்பாக்ஸ் மாடல் எண், குழாயின் உள்விட்டம், கிரில்லுக்கும் கண்டென்சருக்கும் நடுவே உள்ள இடைவெளி மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். இவை இல்லாமல் போனால் கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பார்.