தாயிடமிருந்து சேய்க்கு: போட்ஸ்வானா தரும் பாடம்

எய்ட்ஸ் பற்றிய பாடத்தை நடத்தும்போது வகுப்பில் ஒரு கேள்வி எழுவதுண்டு: "அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருந்தா குழந்தைக்கும் கண்டிப்பா வந்துடும்தானே, டீச்சர்?"

கண்டிப்பாக வரும் என்பது தவறு. சிகிச்சை எதுவும் இல்லாத நிலையில், நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று ஏற்படலாம். தாய் உரிய காலத்தில் மருந்து எடுத்துக்கொண்டால் இது ஐந்துக்கும் கீழே குறைந்துவிடும். இந்த ஒரு செய்தியை மாணவர்கள் சரியாக அறிந்திருப்பது மிக முக்கியம்.

எவ்வாறு தடுக்கப்படுகிறது?

கருவில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, தாய்ப்பால் வழியாக என மூன்று கட்டங்களில் தொற்று குழந்தையை அடையலாம். தாய் நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் கூட்டு மருந்து, அவரது இரத்தத்தில் வைரஸின் அளவை வெகுவாகக் குறைக்கிறது. இதனால் மூன்று கட்டங்களிலும் ஆபத்து குறைகிறது. பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் சொட்டு மருந்து தரப்படும்.

தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதங்கள் வரை இருக்கக்கூடும். எனவே, வழக்கமான இரத்தப் பரிசோதனை குழந்தைக்குப் பொருந்தாது. வைரஸின் மரபுப்பொருளையே கண்டறியும் பரிசோதனை ஆறாவது வாரத்தில் செய்யப்படுகிறது.

மருந்து இருந்தும் வராத தாய்மார்கள்

தென் ஆப்பிரிக்க நாட்டை ஒட்டியுள்ள போட்ஸ்வானாவில், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கர்ப்பிணிகளில் மூவரில் ஒருவருக்கும் மேல் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அந்நாட்டு அரசு 1999இல் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி மருந்தை இலவசமாக வழங்கியது. ஆனாலும் தொடக்கத்தில் பலர் பரிசோதனைக்கே முன்வரவில்லை. தாமாகக் கேட்டுப் பரிசோதித்துக்கொண்டால் ஊர் என்ன நினைக்குமோ என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம்.

2004இல் நடைமுறை மாறியது. மற்ற இரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் கர்ப்பிணிகள் அனைவருக்கும் வழக்கமாக்கப்பட்டது, விரும்பாதவர் மறுக்கலாம். எல்லோருக்கும் பொது என்றானபின், பரிசோதித்துக்கொள்வோரின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது.

இடையில் ஒரு துயரமும் நேர்ந்தது. தாய்ப்பால் வழியாகத் தொற்று பரவாமலிருக்க அரசு பால்மாவு வழங்கியிருந்தது. 2006இன் தொடக்கத்தில், பெருமழைக்குப்பின் வயிற்றுப்போக்கு பரவியபோது, தாய்ப்பால் குடிக்காத குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டனர், பலர் இறந்தனர். தவறாமல் மருந்து எடுத்துக்கொள்ளும் தாய், குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டலாம் என்பதே இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

தாய்-சேய் தொற்றை ஒழிக்கும் பாதையில் முன்னேறியதற்காக, 2021இல் அந்நிறுவனம் போட்ஸ்வானாவுக்கு வெள்ளி நிலைச் சான்று அளித்தது. தொற்று மிகுந்த நாடுகளில் இதைப் பெற்ற முதல் நாடு அதுவே.

வகுப்பறையில் நாம்

மருந்து இருந்தும் அச்சம் வழிமறிக்கும் என்பதே போட்ஸ்வானா தரும் பாடம். அச்சத்தைக் குறைக்க வகுப்பறையில் நம்மால் இயலும்.

* எய்ட்ஸை "உயிர்க்கொல்லி நோய்" என்று மட்டும் கூறி நிறுத்த வேண்டாம். மருந்தால் நீண்டநாள் வாழலாம், தொற்றில்லாத குழந்தையைப் பெறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
* தொற்றை ஒழுக்கத்தோடு இணைத்துப் பேசாதீர்கள். தொற்றுள்ள தாயின் பிள்ளை நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம்.
* ஒரு மாணவரின் குடும்பம் பற்றி அறிய நேர்ந்தால், சக ஆசிரியரிடமும் பகிர வேண்டாம். தொற்றைக் காரணம் காட்டிக் கல்வியை மறுப்பதையும், ஒப்புதலின்றி அதை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது.
* அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். 1097 என்ற உதவி எண்ணையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

இன்று நம்முன் அமர்ந்திருக்கும் மாணவி, சில ஆண்டுகளில் கர்ப்பிணியாக மருத்துவமனை வரிசையில் நிற்கலாம். அன்று அவர் தயங்காமல் பரிசோதனைக்குக் கை நீட்ட, இன்று நாம் சொல்லும் விடை துணை நிற்கும்.