தேதியை எழுதும் கணிப்பொறி

கடிதத்தின் தலைப்பில் தேதியிடுவதைவிட எளிய வேலை வேறில்லை என்றே நாம் கருதுகிறோம். கணிப்பொறிக்கு அது அத்துணை எளிதன்று. அதன் நினைவகத்தில் பெரும்பாலும் மாதமும் கிழமையும் இருப்பதில்லை. ஓர் எண்ணே இருக்கிறது. யூனிக்ஸ் முறையைப் பின்பற்றும் கணிப்பொறிகள், 1970 ஜனவரி 1-ஆம் தேதி கிரீன்விச் நள்ளிரவைத் தொடக்கமாகக் கொண்டு, அதன்பின் கழிந்த விநாடிகளை எண்ணி வருகின்றன. அந்த எண்ணை மனிதர் படிக்கும் எழுத்தாக மாற்றும்போதுதான் தொல்லைகள் தலைகாட்டுகின்றன.

அவ்வெண்ணிக்கை நூறு கோடியை எட்டிய கணத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய நேரப்படி அது 2001 செப்டம்பர் 9, காலை 7 மணி 16 நிமிஷம் 40 விநாடி. நியூயார்க் நகரிலோ செப்டம்பர் 8, இரவு 9 மணி 46 நிமிஷம் 40 விநாடி. கணம் ஒன்றே, எழுத்தில் தேதி இரண்டு. ஆகவே எந்த ஊர் நேரம் என்பதைக் குறிக்காமல் எழுதிய தேதி அரைகுறைத் தேதியேயாகும்.

எழுதும் வரிசையும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. இக்குழப்பத்தை நீக்கவே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1988-இல் 8601 என்னும் எண்ணுள்ள தரத்தை வெளியிட்டது. அதன்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-04-03 என எழுத வேண்டும். இதில் ஒரு வசதியும் உண்டு: இவ்வாறு எழுதிய தேதிகளை வெறும் எழுத்துகளாகவே அகரவரிசைப்படுத்தினாலும் அவை கால வரிசையிலேயே அமைந்துவிடும். நேரத்தையும் சேர்த்து எழுதும்போது இறுதியில் +05:30 என்று இட்டால் இந்திய நேரம் என்பது ஐயமின்றி விளங்கும்.

புரோகிராம் எழுதுபவர், தேதி எந்த வடிவில் வரவேண்டும் என்பதைச் சில ஆங்கில எழுத்துகளால் கணிப்பொறிக்கு உணர்த்துகிறார். ஜாவா மொழியில் சிறிய 'ஒய்' எழுத்து நாம் அறிந்த ஆண்டைக் குறிக்கும். பெரிய 'ஒய்' எழுத்தோ வாரக் கணக்கு ஆண்டைக் குறிக்கும். வாரங்களுக்கு முதல், இரண்டு என எண்ணிடும் முறையில், ஆண்டிறுதியின் சில நாட்கள் அடுத்த ஆண்டின் முதல் வாரத்தைச் சேர்ந்துவிடும். 2024 டிசம்பர் 30 அத்தகைய நாள். ஒரு தொகையைக் கட்டவேண்டிய கடைசித் தேதி அதுவாயின், தவறான 'ஒய்' எழுத்தினால் ஆணையில் 2025 டிசம்பர் 30 என அச்சாகிவிடும். ஓராண்டுத் தவணை தானே கிடைத்தாற்போல! ஜனவரித் தொடக்கத்திலும் சில ஆண்டுகளில் இவ்வாறே ஒரு மயக்கம் நேரிடக்கூடும். ஏனைய நாட்களில் இரண்டு எழுத்துகளும் ஒரே விடையையே தருகின்றன. ஜூன் மாதத்தில் சோதித்துப் பார்த்தவர் கண்ணுக்கு இப்பிழை அகப்படாது. எனவே இதைச் சோதிக்க விரும்புவோர் டிசம்பர் 29, 30, 31 ஆகிய தேதிகளைப் பல ஆண்டுகளுக்குக் கொடுத்துப் பார்த்தல் நலம்.

சி மொழியின் பழக்கம் வேறு. அங்கே ஆண்டு 1900-லிருந்து எண்ணப்படுகிறது. 2000 என்பது 100 ஆகும். முன்னால் 19 என்று ஒட்டவைத்துப் பழகிய புரோகிராம்கள் 2000 ஜனவரியில் 19100 என்று அச்சிட்டன. மாதங்களோ பூஜ்யத்தில் தொடங்குகின்றன; டிசம்பருக்கு எண் 11!

நம் நாட்டில் இன்னொரு வடிவமும் வேண்டும். மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டுத் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அன்று 1879 சைத்ர 1. அரசிதழில் இரு தேதிகளும் இடம்பெறுகின்றன. கணிப்பொறிக்கு இது கடினமன்று. புத்தாண்டு மார்ச் 22-இல் பிறக்கும். லீப் ஆண்டில் மார்ச் 21-இல். அதற்குப் பிந்திய தேதியாயின் ஆங்கில ஆண்டிலிருந்து 78-ஐயும், முந்தியதாயின் 79-ஐயும் கழிக்க வேண்டும். மேற்கண்ட 2024 டிசம்பர் 30, சக ஆண்டு 1946 பௌஷ 9 ஆகும்.